மருதாணி நட்ட இடம்

சந்தைக்குப் போகும் பேருந்து பல்லாவரத்தை நெருங்கியபோது முபீனா எழுந்து நின்றாள். இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது என்று எண்ணிக் கிறிஸ்டினாவும் மடியிலிருந்த காலிப் பைகளைச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். ஆனால் முபீனா படிக்கட்டுப் பக்கம் போகவில்லை. மேல்கம்பியைப் பிடித்துக் குதிகாலை உயர்த்தி, சாலையோரமாக ஓடிய ஒரு நீண்ட மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். உட்கார்ந்து பார்த்தால் அந்த மதிலில் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளும் போர்வெல் போடுகிறவர்களின் தொலைபேசி எண்களும் மட்டும்தான் தெரியும். நின்று பார்த்தால் வேப்பமரங்களின் தலையும் அவற்றுக்கு நடுவே ஒரு துண்டு மண்ணும் தெரியும். வண்டி மெதுவாகப் போனால் அந்த மண்ணில் இருக்கும் மேடுகளும் தெரியும். அன்று முன்னால் ஒரு தண்ணீர் லாரி போய்க்கொண்டிருந்ததால் வண்டி மெதுவாகவே போனது. மதில் முடிந்ததும் முபீனா உட்கார்ந்தாள்.

“ஸ்டாப்பிங் இன்னும் வரல மிஸ்,” என்றாள்.

“அப்ப எதுக்கு எழுந்த?”

“இல்யாஸ் அங்கதான் இருக்கான்.”

கிறிஸ்டினா திரும்பி, ஏற்கெனவே பின்னால் போய்விட்ட மதிலைப் பார்த்தாள். இருவரும் சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறவர்கள். கிறிஸ்டினா ஆங்கிலம், முபீனா ஆறாம் வகுப்புக்கு அறிவியல். சென்ற மழைக்காலத்துக்கு முந்திய மழைக்காலத்தில், தாம்பரத்து மருத்துவமனையில் முபீனாவுக்கு ஒரு மகன் பிறந்தான். காலையில் பிறந்தவன் மாலை அஸர் தொழுகை நேரத்துக்குள் போய்விட்டான். வயிற்றுத் தையலோடு படுத்திருந்த முபீனா, குழாய்கள் செருகிய அவனை ஒரு தடவை கையில் வாங்கியதோடு சரி. பிறகு அவள் கணவன் ஹிதாயத் அவனை எடுத்துக்கொண்டு போனான். அந்த வாரம் ஃபிளாஸ்க்கில் ஹார்லிக்ஸ் கொண்டுவந்து, ஒன்றும் பேசாமல் கட்டிலோரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனவள் கிறிஸ்டினா. அதனால் இல்யாஸ் யார் என்று அவள் கேட்கவில்லை.

“உள்ள போய்ப் பாத்திருக்கியா?” என்றாள்.

“கபர்ஸ்தானுக்குள்ள லேடீஸ் போகக்கூடாது மிஸ்.”

“யார் சொன்னா?”

“எங்க வீட்டுக்காரர். எல்லாரும்தான்.”

“எங்கள்ல நவம்பர் ரெண்டாந்தேதி குடும்பத்தோட போவோம். அப்பா கல்லறைக்கு வெள்ளையடிச்சு, பூ வெச்சு, மெழுகுவத்தி ஏத்திட்டு வருவோம். எங்கம்மா மட்டும் எழுந்திருக்காது. அங்கயே உக்காந்து எங்க அண்ணியப் பத்தி அப்பாகிட்ட கம்ப்ளெயிண்ட் பண்ணிட்டு இருக்கும்.” சிரித்துவிட்டு, பிறகு உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்டாள். “உங்கள்ல ஏன் கூடாது?”

அதில் குத்தல் எதுவும் இல்லை. இலை ஏன் பச்சையாக இருக்கிறது என்று ஒரு பிள்ளை கேட்பதைப் போலத்தான் இருந்தது. ஏன் என்று முபீனாவுக்கே தெரியாது. வகுப்பில் ‘ஏன்’ என்று கேட்காமல் ஒரு வரியைக்கூட எழுதாதீர்கள் என்று பிள்ளைகளிடம் தினமும் சொல்கிறவள், தன் வாழ்க்கையில் தனக்கு மிகவும் வேண்டிய ஒரு விஷயத்தில் அந்த ஒற்றைச் சொல்லைக் கேட்காமலே ஒரு வருஷத்துக்கு மேல் ஓட்டியிருக்கிறாள். அழுகையில் நாள் போனது ஒரு காரணம். ஹிதாயத் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பது இன்னொரு காரணம். சந்தையில் கிறிஸ்டினா பழைய பீங்கான் தட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது முபீனா எதையும் பார்க்கவில்லை. கடைசியில் செடி விற்கிறவரிடம் கறுப்புப் பையில் வேர் பிடித்த மருதாணிக் கன்று ஒன்றை, எதற்கென்று தெரியாமலே, வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் கேட்டாள். “மச்சான், பொம்பளைங்க ஏன் கபர்ஸ்தானுக்குப் போகக்கூடாது?”

ஹிதாயத் ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தான். கரண்டி சட்டியின் விளிம்பில் தட்டியது. “போகக்கூடாதுன்னுதான சொல்றாங்க.”

“யாரு?”

“எல்லாரும்.”

“எல்லாரும்னா ஒருத்தர் பேராவது சொல்லுங்க, போய்க் கேட்டுக்கிறேன்.”

“டீச்சரக் கட்டிக்கினா இதான்டா,” என்று சமையலறையிலிருந்து அவன் தாயார் கைருன்னிசா குரல் கொடுத்தாள். “சோறு துன்றச்சே கூட பரிச்ச வெப்பா.” ஹிதாயத் சிரித்தான். ஆனால் ரசத்தை மறுபடி ஊற்றிக்கொள்ளாமல் எழுந்துவிட்டான்.

ஹிதாயத் மார்க்க விஷயங்களில் வாதம் செய்கிறவன் அல்ல. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு வேலை இடத்துக்குப் பக்கத்தில் எந்தப் பள்ளிவாசலில் செருப்பு விட இடம் கிடைக்கிறதோ அங்கே தொழுதுவிட்டு வருவான். பல்லாவரத்தில் தோல் பை ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியின் கட்டிங் பிரிவில் மேற்பார்வையாளன். கடைத்தெருவோ கல்யாணமோ, எங்கே போனாலும் முபீனாவின் கைப்பையைத் தடவிப் பார்த்து ‘இது ரெக்ஸின்’ என்று சொல்லி வெறுப்பேற்றுவான். மழை வந்தால் சொல்லாமலே கேம்ப் ரோடு முனையில் ஸ்கூட்டரோடு வந்து நிற்பான். அப்படிப்பட்டவன் மறுநாள் மதியம் அவளுக்கு ஒரு பயான் வீடியோ அனுப்பியிருந்தான். ஏகத்துவம் பேசும் ஓர் அமைப்பின் பேச்சாளர், நீண்ட உரை. முபீனா அதை பீன்ஸ் நறுக்கிக்கொண்டே கேட்டாள், மாவு பிசைந்துகொண்டே கேட்டாள். கபரைக் கட்டி எழுப்பக்கூடாது, கபரில் இருக்கிறவரிடம் தேவைகளைக் கேட்கக்கூடாது, கபர்களுக்கு ஓயாமல் போய்க்கொண்டிருக்கும் பெண்களுக்குச் சாபம் உண்டு என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். நிறுத்திவிடலாமா என்று முபீனா நினைத்தாள். ஆனால் எதையும் பாதியில் விடும் பழக்கம் அவளுக்கு இல்லை. உரையின் கடைசியில் அவரே குரலைத் தணித்து, ஆரம்பத்தில் கபர்களுக்குப் போவது எல்லோருக்குமே தடுக்கப்பட்டிருந்தது, பிறகு மரணத்தை நினைவூட்டும் என்று அனுமதிக்கப்பட்டது, அந்த அனுமதியில் பெண்களும் அடக்கம், ஓயாமல் போவதும் ஒப்பாரி வைப்பதும்தான் கூடாது என்று முடித்தார்.

“கடைசி வரைக்கும் கேட்டீங்களா மச்சான்?” என்றாள் மாலையில்.

“பாதி கேட்டேன்.”

“மீதிப் பாதியில போகலாம்னு சொல்றாரு.”

ஹிதாயத் ஹெல்மெட்டை ஆணியில் மாட்டுவதற்கு வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டான். “அவங்க சொல்றத எடுத்துக்க நாம என்ன அந்த ஆளுங்களா? நாம ஹனஃபி. நம்ம பெரியவங்க மக்ரூஹ்னு சொல்லியிருக்காங்க. வெறுக்கத்தக்கது.”

“வீடியோ நீங்கதான அனுப்புனீங்க?”

அவன் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனான். முபீனாவுக்குக் கோபம் வரவில்லை, சுவாரசியம்தான் வந்தது. ஒரே கேள்விக்கு இத்தனை கதவுகளா என்று இருந்தது. மாமியைப் பிடித்தாள். கைருன்னிசா சைதாப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். மாதம் ஒரு வியாழக்கிழமை அக்கம்பக்கத்துப் பெண்களோடு வேன் பிடித்துக் கோவளம் தர்காவுக்குப் போய்வருகிறவள்.

“மாமி, தர்கான்னா என்ன?”

“இன்னாடி கேள்வி இது? அவுலியா அடங்கி இருக்குற எடம்.”

“அடங்கி இருக்குற எடம்னா கபருதான?”

“ஆமா.”

“அங்க பொம்பளைங்க போலாம். சொந்தப் புள்ள கபருக்கு மட்டும் போகக்கூடாதா?”

கைருன்னிசா வெற்றிலையை மென்றபடியே யோசித்தாள். அவளும் இதுவரை இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை என்பது முகத்தில் தெரிந்தது. “அவுரு பெரிய மனுசன். அங்க போனா மனசு லேசாவும். இங்க போனா நீ மண்ணுல புரண்டு அழுவ, அத்தொட்டுதான் வேணாம்னுறாங்க.” பிறகு மருமகளின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். “பச்சப்புள்ளைக்கு நாம இன்னாத்த துவா கேக்கப் போறோம்? அது பாவமே பண்ணல. அதான் நமக்காகக் கேட்டுகினு கீது. ஒன் துப்பட்டாவப் புடிச்சி சொர்க்கத்துக்கு இட்டுகினு போவப் போறதே அவன்தான்.”

“அழ மாட்டேன் மாமி. பாக்கணும், அவ்வளவுதான்.”

“மண்ணுல இன்னா இருக்குதுன்னு பாப்ப?”

அது மாமிக்குத் தெரியவில்லை, முபீனாவுக்கும் தெரியவில்லை. தெரியாததால்தான் பார்க்க வேண்டும் என்று இருந்தது. தன் உடம்பிலிருந்து போன ஒன்று எந்த இடத்தில், எந்த மரத்து நிழலில், எவ்வளவு சின்ன மேடாக இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்காமல் அவளால் அதை நிஜம் என்று நம்ப முடியவில்லை. சில சமயம் காலையில் அரைத்தூக்கத்தில், அவனை யாரோ இன்னும் இன்குபேட்டரில் வைத்திருப்பதாகத் தோன்றும்.

ஞாயிற்றுக்கிழமை மாமியோடு பெண்களுக்கான மார்க்க வகுப்புக்கு, தஃலீமுக்குப் போனாள். பள்ளிவாசலை ஒட்டிய கூடத்தில் பச்சைத் திரை கட்டி, இந்தப் பக்கம் பெண்கள், அந்தப் பக்கம் மைக்கோடு பள்ளிவாசலின் இமாம் ஹஜ்ரத். போன வருஷம்தான் வந்த இளைஞர். திரைக்குக் கீழே அவருடைய கால்விரல்கள் மட்டும் தெரியும். சந்தேகம் கேட்கும் நேரம் வந்தபோது முபீனா எழுந்து கேட்டாள். கால்விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன.

“இதுல கருத்து வேறுபாடு இருக்கும்மா,” என்றார் ஹஜ்ரத். “கூடவே கூடாதுன்னு சொன்னவங்க இருக்காங்க. மக்ரூஹ்னு சொன்னவங்க இருக்காங்க. ஒழுக்கத்தோட, சத்தம் போட்டு அழாம போனா தப்பில்லன்னு சொன்னவங்களும் இருக்காங்க. எல்லாருமே ஆதாரத்தோடதான் சொல்றாங்க. நான் ஒண்ணு சொல்றேன். ஒரு அம்மா, தன்னோட புள்ள கபருகிட்ட உக்காந்து அழுதுட்டு இருந்தாங்க. நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அந்த வழியா வந்தாங்க. அல்லாவப் பயந்துக்க, பொறுமையா இருன்னாங்க. அந்தம்மா யாருன்னு தெரியாம, ‘நீங்க போங்க, என் கஷ்டம் உங்களுக்கு வரல’ன்னு சொல்லிடுச்சு.”

கூடத்தில் ஒரு கிழவி “யா அல்லா” என்றாள்.

“பொறுமையா இருன்னு சொன்னாங்க. எந்திரிச்சுப் போன்னு சொல்லல. போகலாம்னு சொல்றவங்க இதத்தான் காட்டுறாங்க,” என்று தொடர்ந்தார் ஹஜ்ரத். “ஆனா நம்ம கபர்ஸ்தான் கேட்ல கமிட்டி போர்டு மாட்டியிருக்கு. அது ஒரு ஒழுங்குக்காக. நீங்க உங்க வீட்டுக்காரரோட கூட்டமில்லாத ஒரு காலைல போறதுன்னா நான் செக்ரட்டரிகிட்டப் பேசுறேன். அவரையும் வந்து என்னப் பாக்கச் சொல்லுங்க.”

முபீனா வீடு வரைக்கும் வேகமாக நடந்தாள். மாமி மூச்சு வாங்கிக்கொண்டே பின்னால் வந்தாள். அழும் தாய் நபியையே ‘நீங்க போங்க’ என்று சொன்ன கதை அவளுக்கு இதுவரை தெரியாது. அந்தப் பெண்ணை அவளுக்கு ரொம்பவும் பிடித்துப்போயிற்று.

ஹிதாயத்திடம் சொன்னபோது அவன் முகத்தில் எதிர்பார்த்தது எதுவும் வரவில்லை. “கபர்ல போய் என்ன முபீ இருக்கு? எங்க இருந்து துவா கேட்டாலும் அல்லாவுக்குக் கேக்கும். எடத்துல போய் நின்னாத்தான்னு நெனைக்கிறதே தப்புன்னு சொல்றாங்க.”

“யாரு? அந்த வீடியோக்காரரா?”

“ம்.”

“நாம அந்த ஆளுங்க இல்லன்னு அன்னிக்கு சொன்னீங்க மச்சான்.”

ஒரே தெருவில் எதிரெதிரே பள்ளிவாசல் கட்டிக்கொண்டு, ஒருவர் பெருநாளை இன்னொருவர் ஒப்புக்கொள்ளாத இரண்டு தரப்பும் தன் கணவனின் வாயில் மட்டும் ஒற்றுமையாக இருப்பதை முபீனா கவனித்தாள். அவன் எந்தப் பக்கமும் இல்லை. போக வேண்டாம் என்கிற பக்கம் மட்டும்தான் அவன் பக்கம். ஏன் என்பதுதான் புரியவில்லை. அவள் கேள்வி அந்த இடத்தில் மார்க்கத்தை விட்டு இறங்கி, எதிரே சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நிற்கும் மனிதனின் மேல் வந்து உட்கார்ந்தது.

“சரி, நான் வரல,” என்றாள். “வெள்ளிக்கிழம ஜும்ஆ முடிஞ்சு நீங்க போங்க. ஒரு போட்டோ எடுத்துட்டு வாங்க. போதும்.”

அவன் எடுத்துவந்தான். சின்ன மண்மேடு, மேலே இரண்டு வேப்பிலைக் கொத்து, பின்னால் காரை பெயர்ந்த மதிலின் ஒரு மூலை. முபீனா அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். மண்ணின் நிறம், ஒரு எறும்பு வரிசை, பாதி புதைந்த கிளிஞ்சல். அந்த வாரம் முழுதும் அவள் வகுப்பில் அதட்டவே இல்லை என்று பிள்ளைகள் ஆச்சரியப்பட்டார்கள். பால்கனியில் சும்மா இருந்த மருதாணிக் கன்று அப்போதுதான் எதற்காக வாங்கியது என்று அவளுக்கே தெரிந்தது. “பச்ச காயாம கீற வரிக்கும் அது அல்லாவ பொகழ்ந்து தஸ்பீஹ் பண்ணிகினே இருக்கும், உள்ள கீறவங்களுக்கு நல்லது,” என்றாள் மாமி. நபியவர்கள் கபரில் பச்சை மட்டை நட்டது அவர்களுக்கு மட்டும் உரியது, நாம் செய்வதில் பலன் இல்லை என்று வீடியோக்காரர் சொல்லியிருந்தார். ஹிதாயத் இரண்டையும் சொல்லவில்லை. கன்றை ஸ்கூட்டரின் முன்பக்கத்தில் வைத்து, கால்கள் இரண்டாலும் அணைத்துக்கொண்டு போனான். அடுத்த படம் வந்தது. மேட்டின் தலைமாட்டில் கன்று நேராக நின்றது.

பள்ளியில் ஒரு ஓய்வு வகுப்பில் முபீனா இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிறிஸ்டினா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, “என்ன மிஸ், ஆறு வித்தியாசமா?” என்றாள். அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். முபீனா மறுபடி பார்த்தாள். முதல் படத்தில் மதிலின் மூலை. இரண்டாவதில் மதிலே இல்லை, ஒரு இரும்புக் குழாய், அதன் அடியில் சிமெண்டுத் தொட்டி. கோணம் மாறியிருக்கலாம் என்று நினைத்தாள். ஆனால் முதல் மேடு மதிலை ஒட்டிக் கிடந்தது. இது குழாயை ஒட்டிக் கிடந்தது. நிழல்கூட வேறு மரத்தினுடையது. முபீனா செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, திருத்திக்கொண்டிருந்த நோட்டில் சரியான விடைக்கு மேல் தவறு என்று போட்டாள்.

முதலில் வந்தது கோபம்தான். ஏதோ ஒரு மண்ணைக் காட்டி ஏமாற்றியிருக்கிறான். அந்த மண்ணை அவள் எத்தனை தடவை விரலால் தடவியிருப்பாள். மாலையில் வீட்டுக்கு வந்தபோது அவன் அவளுக்காக வாங்கிவைத்திருந்த சுண்டல் பொட்டலம் மேஜையில் இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்கக் கோபம் நிற்கவில்லை, கேள்விதான் நின்றது. ஏமாற்றத் தெரிந்தவன் இவ்வளவு மோசமாக ஏமாற்ற மாட்டான். மாமி மொட்டை மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். முபீனா போய்ப் பக்கத்தில் நின்று அந்த நாளைப் பற்றிக் கேட்டாள். அந்த நாளைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை என்பது பேசாமலே போட்ட ஒப்பந்தம். கைருன்னிசா மடித்த துணியையே மறுபடி மடித்தாள்.

“மழடி. அப்பிடி ஒரு மழ. முட்டிக்கால் தண்ணியில கீறாங்க எல்லாரும். யாரு கையிலயும் குடுக்கல, அவனே தூக்கிகினு போனான். அவனே எறங்கி வெச்சான். வூட்டுக்கு வந்தவன் அந்தக் கையோட அப்டியே குந்திகினு இருந்தான். கைய கழுவுடான்னா கழுவல. சேறு காஞ்சி வெடிச்சி தானா உதுருது. விடியக்காலம் பஜ்ருக்கு பாங்கு சொன்னப்புறம்தான் எழுந்தான்.” துணியை வைத்துவிட்டு அவள் பல்லாவரம் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். “அப்பால புயலும் வந்துச்சே. அந்தப் பக்கம் ஒரு வாரம் தண்ணி வடியல.”

முபீனாவுக்கு அவன் வேலை செய்யும் மேஜை நினைவுக்கு வந்தது. கல்யாணமான புதிதில் ஒரு தடவை கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறான். வெளிச்சத்தில் தோலை விரித்து, மாட்டின் பழைய காயமோ உண்ணி கடித்த வடுவோ இருக்கும் இடத்தைச் சுற்றி வெள்ளி நிறப் பேனாவால் ஒரு வட்டம் போடுவான். வெட்டுகிறவர்கள் அந்த வட்டத்தைத் தொடாமல் சுற்றிச் சுற்றி வெட்டிக்கொள்வார்கள். ஒரு வருஷமாக அவன் அப்படியொரு வட்டத்தைப் போட்டுவைத்து, நாம் மூன்று பேரும் அதைத் தொடாமல் வெட்டிக்கொண்டிருந்திருக்கிறோம் என்று தோன்றியது. அவன் சொன்ன சட்டங்கள் எல்லாம் அந்த வட்டத்தின் கோடுதான். இல்யாஸின் கபர் எது என்று அவனுக்கே தெரியவில்லை.

தெரிந்ததைத் தெரிந்ததாகக் காட்டாமல் விட்டுவிடலாமா என்று அவள் இரண்டு நாள் யோசித்தாள். அந்தப் படத்தையே வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டிவிடலாம். அவன் தலை குனிய வேண்டியிருக்காது. ஆனால் அந்த மண்ணில் அவள் ஒருபோதும் நிற்க முடியாது. போனால், காட்டுவதற்கு ஒன்றுமில்லாமல் அவன் அவள் எதிரில் நிற்க வேண்டும். இரண்டில் எது பெரிய கொடுமை என்று அவளால் நிறுத்துப் பார்க்க முடியவில்லை. மூன்றாம் நாள் ஹஜ்ரத்துக்குத் தொலைபேசியில் பேசினாள். செக்ரட்டரி சம்மதித்துவிட்டார்.

“சனிக்கிழம காலைல போலாம் மச்சான். எனக்கு லீவு,” என்றாள்.

ஹிதாயத் எந்த ஹதீஸையும் எடுக்கவில்லை. “சரி,” என்றான்.

சனிக்கிழமை ஸ்கூட்டரில் அவன் வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டினான். முபீனாவின் மடியில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இருந்தது. கபர்ஸ்தான் கேட்டில் ‘பெண்களுக்கு அனுமதி இல்லை’ என்ற பலகை பெயிண்ட் உரிந்து தொங்கியது. காவலாளி பலகையையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். “செக்ரட்டரி சொன்னாரு. போங்கம்மா. புள்ளைங்கள்லாம் அந்தக் கடைசி,” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். உள்ளே காலெடுத்து வைத்ததும் முபீனா ஸலாம் சொன்னாள். இத்தனை காலம் பேருந்தில் நின்று எட்டிப் பார்த்த இடம், உள்ளிருந்து பார்க்கும்போது வேறாக இருந்தது. வெளிச்சாலையின் சத்தம் அடங்கித் தெரிந்தது. மதிலுக்கு மேலே ஒரு பேருந்தின் கூரை மட்டும் நகர்ந்து போனது. விமானம் ஒன்று தாழ்வாக இறங்கிப் போக, அதன் நிழல் மேடுகளின் மேல் ஏறி இறங்கி ஓடியது.

பிள்ளைகளின் பகுதி வந்தபோது ஹிதாயத்தின் நடை தளர்ந்தது. நடந்து வந்த பாதையில் பெரியவர்களின் கபர்கள் சிலவற்றுக்காவது தலைமாட்டில் கல் இருந்தது. இங்கே அதுவும் இல்லை. முழங்கை நீளத்தில் மேடுகள், சில மேடுகூட இல்லாமல் புல்லாகிவிட்டவை. அவன் மதில் மூலைப் பக்கம் இரண்டடி வைத்தான், நின்றான், குழாய்ப் பக்கம் திரும்பினான். குழாயருகே மருதாணிக் கன்று நின்றது. நுனியில் புதிதாக இரண்டு தளிர் விட்டிருந்தது.

“மச்சான்,” என்றாள் முபீனா. “நீங்க காட்ட வேணாம்.”

அவன் திரும்பவில்லை.

“மொத போட்டோவுல மதில் இருந்துச்சு. ரெண்டாவதுல கொழா இருந்துச்சு.”

அவன் மண்ணைப் பார்த்தான். “நாப்பதாம் நாள் வந்தேன் முபீ,” என்றான். “எல்லாம் ஒண்ணாக் கெடந்துச்சு. வெறும் சேறு. இங்கதான் எங்கயோ. அன்னிக்கு ஒரு கல்லு வெச்சிருக்கலாம், ஒரு குச்சி நட்டிருக்கலாம். அடையாளம் வெக்கக்கூடாதுன்னு யாரோ சொன்னாங்க, வெச்சா தப்பில்லன்னு வேற யாரோ சொன்னாங்க. ரெண்டு பேரும் மழையில நின்னு பேசிட்டு இருந்தாங்க. எனக்கு ஒண்ணும் ஏறல. கையில எதுவும் இல்லன்னு மட்டும்தான் தெரிஞ்சுது. ஒனக்கு எப்பிடிச் சொல்றது? ஒரு வேல ஒழுங்கா செய்யலையே நான்.”

முபீனா அழ மாட்டேன் என்று மாமியிடம் சொல்லியிருந்தாள். சத்தம் வராமல் பார்த்துக்கொண்டாள். “மருதாணிய ஏன் இங்க நட்டீங்க?”

“தண்ணி கிட்ட இருக்கட்டும்னு. எங்க நட்டாலும் தெரியாது. அதுவாவது பொழைக்கட்டும்னு.”

அவள் கன்றின் அருகே குந்தினாள். யாரோ ஒருத்தி பெற்ற பிள்ளையின் மேடு. அந்தத் தாய் எந்தப் பேருந்தில் எழுந்து நின்று எட்டிப் பார்க்கிறாளோ. பாட்டிலைத் திறந்து அடியில் தண்ணீர் ஊற்றினாள். மண் உறிஞ்சும் சின்னச் சத்தம் கேட்டது. ஹிதாயத் அவளிடமிருந்து பாட்டிலை வாங்கினான். அடுத்த மேட்டுக்குப் போனான். கரைந்து சரிந்திருந்த ஓரத்தைக் கையால் அள்ளிச் சேர்த்து, மேலே தண்ணீர் விட்டுத் தட்டினான். அதற்கு அடுத்ததற்குப் போனான். புல்லாகிவிட்ட இடத்தில் மேடு இருக்கிறதா இல்லையா என்று உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு, அங்கேயும் கொஞ்சம் ஊற்றினான். ஒரு தோலை வெளிச்சத்தில் விரித்து வடு தேடுகிறவனின் நிதானம் அவன் விரல்களில் இருந்தது. முபீனா பார்த்துக்கொண்டே இருந்தாள். இதில் எது இல்யாஸ், எதுவும் அவன் இல்லையா, எல்லாமே அவனா என்று அவள் மனம் ஒவ்வொரு மேட்டிலும் நின்று கேட்டுக்கொண்டே போனது.

பாட்டில் காலியானது. அவன் குழாயடிக்கு வந்து பிடித்தான். கை இரண்டும் மணிக்கட்டு வரை சேறு. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தும் அவன் கையைக் கழுவவில்லை, பாட்டிலை மட்டும் நிரப்பி அவளிடம் நீட்டினான். பாட்டிலைச் சுற்றி அவனுடைய ஐந்து விரல்களும் சேற்றில் பதிந்திருந்தன. முபீனா அந்தத் தடங்களின் மேலேயே தன் விரல்களை வைத்து அதை வாங்கிக்கொண்டு, அவன் இன்னும் போகாத வரிசையின் பக்கம் திரும்பினாள்.